உண்கலமும் நச்சுக்கலமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உணவில் சேரும் நஞ்சுபற்றிச் சில சொற்கள் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் மெட்ரிகுலேஷன் அளவில் படித்தவன். இரசாயன நூல் பயின்றவனல்லேன். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா என்ற முறையில், எந்தச் சரக்கு எதன் பக்கத்தில் இருக்கலாம், எது இருக்கலாகாது என்பதைச் சிறிது அறிவேன். அந்த அறிவைக்கொண்டே பேசத் துணிந்தேன்.

உணவில் நஞ்சு என்றவுடன் யாவரும் கலப்படக்காரனை ஏசுவர். ஏசத்தக்கவனே அவன். மாங்காயைக் கார்பைடுக் கல் வைத்துப் பழுக்கவைப்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது; அக்கல்லில் ஆர்செனிக் என்னும் பாஷாணம் சிறிது கலந்திருக்கக்கூடும். மாந்தோப்புகள் மிகுந்த சீமையில் வாழும் உங்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆகவே அதனை விடுத்து, கலப்படக்காரன் ஒருவனும் இல்லாமலே நஞ்சு நம் சோற்றை வந்தடையும் வழியைச் சொல்ல விரும்புகிறேன். அது பாத்திரத்தின் வழி.

1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை இராஜ்யத்திலும் உணவு நஞ்சாகிப் பலர் மாண்டனர். கேரளத்தில் மட்டும் நூறு பேருக்குமேல் உயிரிழந்தனர். அவர்கள் உண்டது கோதுமை மாவினாற் செய்த பண்டம். மாவில் எவனும் எதையும் வேண்டுமென்று கலக்கவில்லை. பாராத்தியான் என்னும் கொடிய பூச்சிமருந்தும் உணவுப் பொருளும் ஒரே கப்பலில் ஒருங்கே பயணம் செய்தன, மருந்து கசிந்தது, மூட்டை அதனைக் குடித்தது. அவ்வளவுதான் நடந்தது. நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதன் பின்விளைவாகவே 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. இரயில்வேயிலும் அபாயச் சரக்குகளுக்கெனத் தனி விதிநூல் உண்டு. நாங்கள் அதனைச் ‘சிவப்பு டாரிஃப்’ என்போம். நச்சுச் சரக்கை உணவுச் சரக்கோடு சேர்த்து ஏற்றலாகாது என்று நாங்கள் பிடிவாதம் செய்யும்போது வியாபாரிகள் முணுமுணுப்பதுண்டு. முணுமுணுக்கட்டும்.

அது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் என்னும் சிற்றூரில், பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகள் 23 பேர் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து இருந்ததைப் பரிசோதனைச் சாலை கண்டறிந்தது. பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி வைத்ததே காரணமெனக் கருதப்பட்டது. எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமையற்காரப் பெண் முன்னரே சொன்னாளாம். அவள் சொல் எடுபடவில்லை. தலைமையாசிரியைக்கு 2016இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை கிடைத்தது, குழந்தைகள் திரும்பவில்லை. அடுக்களையில் நிற்பவளின் மூக்கை மதிக்காத வீடு எந்த விஞ்ஞானத்தை மதித்து என்ன பயன்?

இனி நமது காலனிக்கு வருகிறேன். வரதய்யபாளையத்தைச் சுற்றிலும் வயல்கள், வயல்தோறும் மருந்தடிப்பு. காலியான டப்பாக்கள் வரப்பிலும் வாய்க்காலிலும் கிடக்கின்றன. சில கெட்டியாகவும் அழகாகவும் இருப்பதால் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. மண்ணெண்ணெய்க்கு என்று வருகிறது. ஆறு மாதத்தில் நல்லெண்ணெய்க்கு மாறுகிறது. பெரிய நீல டிரம்களோ சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. முன்பு இதில் என்ன இருந்தது என்று ஒரு வியாபாரியைக் கேட்டேன். “ஏதோ மருந்து சார், நன்றாகக் கழுவியாயிற்று” என்றார். நம்மவர் பூச்சிமருந்து என்கிறோம்; தெலுங்கர் புருகுல மந்து என்கிறார்கள். இரண்டு மொழிகளும் கூடி நஞ்சுக்கு மருந்தென்று பெயரிட்டுவிட்டன!

கழுவினால் போகாதோ என்று கேட்பீர்கள். எண்ணெய்த் தன்மையுள்ள இரசாயனத்தைப் பிளாஸ்டிக் சிறிது சிறிதாகத் தன்னுள் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அதில் எண்ணெயோ ஊறுகாயோ வைத்தால் உறிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கும். சாம்பலும் சவுக்காரமும் மேற்பரப்பைத்தான் தொடும். 1971ஆம் ஆண்டு விதிகளின்படி, காலிக் கலங்களை மறுபடி எவரும் பயன்படுத்தாவண்ணம் உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும். ஓர் ஆணியால் அடியில் துளையிட்டுவிட்டாலும் அதற்குப்பின் அது எவர் வீட்டுக்கும் போகாது.

நம் தாய்மார்களிற் பலருக்குத் தெலுங்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு மருந்துப் புட்டியிலும் சாய்சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது; அடுத்தது மஞ்சள்; பிறகு நீலம்; பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. பச்சையாயிருந்தாலும் சமையற்கட்டுக்கு ஆகாது.

காய்கறி பற்றியும் ஒரு வார்த்தை. ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவினால் மேலே படிந்த மருந்து பெரிதும் போகும். செடிக்குள் ஊடுருவியது போகாது. கறிவேப்பிலை, கொத்துமல்லியைப் புளிநீரில் சிறிது நேரம் ஊறவைத்து அலசலாம். கேரளத்து வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியார் பரிசோதித்துச் சொன்ன முறை இது. புளிக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. அரிசியில் வண்டு வந்தால் வெயிலில் உலர்த்துங்கள், வேப்பிலை போடுங்கள். கடையில் கொடுக்கும் மாத்திரையை மட்டும் போடாதீர்கள். அதிலிருந்து எழும் பாஸ்பைன் வாயு, மூடிய அறையில் உறங்குவோரைக் கொல்லவல்லது.

உண்டபின் வாந்தி, வாயில் நீர் ஒழுகுதல், மிகுந்த வியர்வை, கண்மணி ஊசிமுனைபோற் சுருங்குதல், மூச்சுத்திணறல் இவை கண்டால் கைவைத்தியம் செய்து காலம் போக்கலாகாது. 108க்குச் சொல்லுங்கள். ஐயப்படும் டப்பாவைப் பத்திரமாகக் கட்டி உடன் கொண்டுபோங்கள். மருந்தின் பெயரைக் கண்டால் டாக்டருக்கு வேலை விரைவாகும். இவ்வகை நஞ்சுக்கு அட்ரோபின் என்னும் மாற்று ஊசி உண்டு.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நமது சங்கச் சமையற்கூடத்தில் தண்ணீர் பிடிக்க இரண்டு நீல டிரம்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டிருக்கிறார்கள். என்ன சரக்கு வந்ததென்று சங்கத்தில் எவருக்கும் தெரியாது. இன்றைய விருந்துக்கு அவற்றைத் தொட வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். செயலாளர் இசைந்து, வாடகைக்கு எவர்சில்வர் அண்டாக்கள் தருவித்திருக்கிறார். வாடகைத் தொகையைக் கேட்டுப் பொருளாளர் முகம் சிறிது வாடியது. சொந்தமாகவே இரண்டு அண்டா வாங்கிவிடுவதென்று பேசியிருக்கிறோம். நன்கொடைப் பட்டியல் வாயிற்புறத்து மேசையில் இருக்கிறது. முதற் பெயரை நான் எழுதியிருக்கிறேன்.