பதினாறில் ஒரு கட்டம்



ஊரில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் நான். இங்கு சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கு நடந்த ஒன்றை, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு சொல்கிறேன்.

ஒரு மாணவி இரத்ததானம் செய்யப் போன இடத்தில், தன்னுடைய குருதி வகை ஓ நெகற்றிவ் என்று அறிந்து வந்தாள். தகப்பன் ஏ பொசிற்றிவ், தாய் பி பொசிற்றிவ். "சேர், இரண்டு பேரிடமும் இல்லாதது எனக்கு எப்படி வந்தது?" என்று கேட்டாள். குரல் தளம்பியது. தகப்பன் நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு பிறந்த பிள்ளை அவள். மூன்று வயதில் விமான நிலையத்தில்தான் அவரை முதலில் கண்டாள். சொந்தத்துக்குள் யாரோ சொன்ன ஒரு சொல் அவளுடைய காதிலும் விழுந்திருக்கிறது.

நான் ஒரு தாளை எடுத்தேன்.

ஒவ்வொரு இயல்புக்கும் எங்களிடம் இரண்டு எதிருருக்கள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. புணரிக்குள், அதாவது விந்துக்குள் அல்லது முட்டைக்குள், அவற்றில் ஒன்று மட்டுமே போகும். பல பிள்ளைகள் ஒரே புணரிக்குள் ஏ, ஓ இரண்டையும் எழுதிவிடுவார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

ஏ வகைக்காரர் 'ஏஏ' ஆகவும் இருக்கலாம், 'ஏஓ' ஆகவும் இருக்கலாம். பொசிற்றிவ் என்பவரிடமும் நெகற்றிவ் எதிருரு ஒன்று ஒளிந்திருக்கலாம். அட்டையில் அது தெரியாது. தகப்பன் இரண்டையும் ஒளித்து வைத்திருப்பவரானால் அவருடைய புணரிகள் நான்கு விதம்: ஏ-பொசிற்றிவ், ஏ-நெகற்றிவ், ஓ-பொசிற்றிவ், ஓ-நெகற்றிவ். ஏபிஓ வகைக்கான பரம்பரையலகு 9ஆம் நிறமூர்த்தத்திலும் றீசஸ் வகைக்கானது 1ஆம் நிறமூர்த்தத்திலும் இருப்பதால், இரண்டும் தனித்தனியே பிரிகின்றன. அதனால்தான் நான்கு. தாய்க்கும் அதேபோல நான்கு. பெட்டி கீறினால் 16 கட்டங்கள். அதில் ஒன்று ஓ நெகற்றிவ்.

"அப்பா அப்படி ஒளித்து வைத்திருப்பவர் என்று எப்படித் தெரியும்?" என்றாள். கெட்டிக்காரி.

"அப்பம்மாவின் குருதி வகை என்ன?" என்று கேட்டேன்.

அன்றிரவே தகப்பன் ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பம்மா தேடிப் பார்க்கவேயில்லை. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் தாதிமார் திரும்பத் திரும்பச் சொன்னதாம்: ஓ நெகற்றிவ். அவரிடம் கொடுப்பதற்கு ஓவும் நெகற்றிவும் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே மகனிடம் அவை இரண்டும் கட்டாயம் இருக்கும். பேத்திக்குப் போனதும் அவைதான்.

இந்தக் கணக்கு 'நடக்கக்கூடியது' என்று மட்டுமே சொல்லும். இவர்தான் தகப்பன் என்று நிரூபிக்காது. ஆனால் குருதி அட்டையைக் காட்டி ஒரு தாயைச் சந்தேகிக்க இடமில்லை என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. இன்னொன்று: 16இல் ஒன்று என்றால் பதினாறாவது பிள்ளை என்று பொருளல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்குப் புதிதாகத் தொடங்கும்.

அடுத்த சனிக்கிழமை தாயும் வகுப்புக்கு வந்தார். ஒன்றும் கதைக்கவில்லை. அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நேயர்களே, பிரிந்திருந்த காலம் எங்கள் குடும்பங்களுக்குத் தந்த காயங்களே போதும். அரைகுறை அறிவால் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம்.