யார் வரியில் யார் சாப்பிடுகிறார்கள்?

(ஒரகடத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



“வரி கட்டுகிறவன் ஒருவன், இலவசத்தில் சாப்பிடுகிறவன் இன்னொருவன்” என்று ஒரு பேச்சு நாட்டில் நடமாடுகிறது. பத்திரிகையில் எழுதுகிறார்கள், டி.வி.யில் பேசுகிறார்கள். டீக்கடையில் நம்மவர்கள் சிலரே அதற்குத் தலையாட்டுகிறார்கள். ரேஷன் அரிசி தண்டமாம். ஏரி வேலைக் கூலி வெட்டிச் செலவாம். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கி வைத்தார்களே, பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அதுவும் பாழாம். கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

நாம் வரி கட்டவில்லையா? வருமான வரி கட்டும் அளவுக்கு நமக்குக் கூலி இல்லை, வாஸ்தவம். ஆனால் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் போடுகிறோமே, அதில் 45 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி. குளிக்கிற சோப்புக்கும் பல் துலக்குகிற பேஸ்டுக்கும் 2017 ஜூலையிலிருந்து நூற்றுக்கு 18 வாங்கினார்கள். எட்டு வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில்தான் 5 ஆக்கினார்கள். கோடீஸ்வரன் வாங்கினாலும் அதே வரி, நாற்று நடுகிற அம்மா வாங்கினாலும் அதே வரி. அவனுக்கு அது தூசு. நமக்கு அது ஒரு வேளைக் காய்கறி.

இனி மறுபக்கம். 2019 செப்டம்பர் 20ந் தேதி மத்திய சர்க்கார் பெரிய கம்பெனிகளின் வரியை நூற்றுக்கு 30லிருந்து 22 ஆகக் குறைத்தது. பழைய சில சலுகைகளை விட்டுக்கொடுத்தால் போதும். புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிக்கு 15தான். இதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் குறையும் என்று சர்க்காரே சொன்னது. அதே வருஷ பட்ஜெட்டில் தேசம் முழுவதற்கும் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 60,000 கோடி! நமக்குக் கொடுத்தால் இலவசம், அவர்களுக்குக் கொடுத்தால் ஊக்குவிப்பு. 2025 டிசம்பரில் அந்த நூறு நாள் சட்டத்தையும் எடுத்துவிட்டு வேறொன்று கொண்டு வந்தார்கள். நாள் 125 என்றார்கள், செலவில் நூற்றுக்கு 40ஐ மாநிலத்தின் தலையில் கட்டினார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். நோக்கியாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2005இல் ஒப்பந்தம், 2006இல் உற்பத்தி. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று வருமான வரிச் சலுகை. உள்நாட்டில் விற்றதற்குக் கட்டும் விற்பனை வரியையும் மாநில சர்க்கார் திருப்பித் தருவதாகப் பேச்சு. சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் கோடிக்கணக்கில் போன் செய்து குவித்தார்கள். 2013இல் 2,080 கோடி ரூபாய் பாக்கி என்று வருமான வரி இலாகா கேட்டது. வழக்கு நடந்தது. 2014 நவம்பர் 1ந் தேதி ஆலை மூடப்பட்டது. சலுகை வாங்கும்போது வேலை தருகிறோம் என்ற பெயர். மூடும்போது அந்த வேலை எங்கே? அந்தப் பிள்ளைகளுக்கு எந்த மண்டலத்தில் சலுகை கிடைத்தது?

இந்த இலவசப் பேச்சு இங்கே முளைத்ததுமல்ல. அமெரிக்காவில் 1976லேயே ரீகன் மேடைக்கு மேடை, உதவிப் பணத்தில் ஒரு பெண் ராணி போல வாழ்கிறாள் என்று சொல்லித் திரிந்தார். 1996இல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம், ஏழைத் தாய்மாருக்கான உதவிக்கு ஆயுளில் ஐந்து வருஷம் என்று வரம்பு கட்டியது. 2017இல் கம்பெனி வரி 35லிருந்து 21. 2025 ஜூலையில் ஏழைகளின் மருத்துவத்திலும் உணவு உதவியிலும் கை வைத்தார்கள். தேசியக் குறைந்தபட்சக் கூலியோ 2009இல் மணிக்கு 7.25 டாலர் என்று நின்றது, நின்றதுதான். உலகப் பணக்கார தேசத்தின் லட்சணம் இது!

கடைசியாக ஈ.எஸ்.ஐ. சங்கதி. இது இலவசமே அல்ல, நம் கூலியில் பிடிக்கிற பணம். 2019 ஜூலையில் சந்தாவைக் குறைத்தார்கள். நமக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைந்தது, முதலாளிக்கு ஒன்றரை. சம்பள உச்சவரம்பை 2017 ஜனவரியில் 21,000 ஆக்கினார்கள். போராடி நாலு காசு கூட்டி அந்தக் கோட்டைத் தாண்டினால், சந்தாக் காலம் முடிந்ததும் பெயர் நீங்கிவிடும். வீட்டில் நோயாளி இருப்பவனுக்குக் கூலி உயர்வே இடியாக விழுகிறது. நம் லயனில் இப்படி எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈ.எஸ்.ஐ. அட்டையையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளரும் அவசியம் வரவேண்டும், அவர்களுக்குப் பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.