நோயுற்ற குழந்தையும் நாமும்

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த குடும்பங்களுக்கான கூட்டத்தில், வீடு சந்திக்கும் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



ஜூபிலி என்றால் கொடியேற்றம் உண்டு, தேர் உண்டு, விருந்து உண்டு. ஆனால் ஒலிபெருக்கியில் வரும் பாட்டை வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும் சில குடும்பங்களும் நம் பங்கில் உண்டு. அந்த வீடுகளில் ஆண்டுக்கணக்காக நோயோடு வாழும் ஒரு குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தையின் மனதைப் பற்றியும், பெற்றவர்களின் மனதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். தசைச்சிதைவு நோயுள்ள ஒரு சிறுவனின் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். தகப்பனார் லாரி ஓட்டுநர். வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும். ஆறுதல் சொல்வதாக எண்ணி, "கடவுள் தாம் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பாருங்க" என்றோம். அந்தத் தாய் எங்களை நிமிர்ந்து பார்த்து, "அப்படீங்களா? அப்ப எங்களைக் கொஞ்சம் குறைச்சலாவே நேசிக்கட்டுங்க" என்றார். அடுத்த வாரம் அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். இம்முறை உபதேசம் எதுவும் செய்யவில்லை. "பையனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கொஞ்சம் படுங்கள்" என்று மட்டும் சொன்னோம். இரண்டு மணி நேரம் அயர்ந்து தூங்கி எழுந்தவர், "இது போதுமுங்க" என்றார். அதுவரை நாங்கள் சொன்ன எல்லா ஆறுதலையும்விட அந்தத் தூக்கம் பெரிதாக இருந்தது.

இந்த நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். டூஷேன் என்னும் வகை பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பிடிக்கிறது. நான்கைந்து வயதில் பிள்ளை அடிக்கடி விழுகிறான். தொடையில் கையை ஊன்றித்தான் எழுந்திருக்கிறான். கெண்டைக்கால் பருத்துத் தெரிவதால், பலமான பிள்ளை, ஆனால் சோம்பேறி என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். பன்னிரண்டு வயதையொட்டிச் சக்கர நாற்காலி வந்துவிடுகிறது. மருந்தும் உடற்பயிற்சியும் அதைச் சற்றுத் தள்ளிப்போடலாம், முற்றிலும் குணமாக்குவதில்லை.

இது தாய் வழியாக வரக்கூடிய நோய் என்று மருத்துவர் சொன்ன அன்றே, வீட்டில் குற்றம் முழுவதும் தாய் தலையில் விழுகிறது. மாமியார் பேசுகிறார், உறவினர் பேசுகிறார்கள். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு, தாயிடம் இல்லாத மாற்றம் புதிதாகவே ஏற்படுகிறது என்பதை நாம் அறிய வேண்டும். தாயிடம் இருந்தாலும் அது அவள் செய்த குற்றம் அல்லவே! பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர் கேட்டபோது, இருவருமல்ல என்றுதான் ஆண்டவர் பதிலளித்தார். நம் வாயிலிருந்து அந்தப் பழைய கேள்வி மீண்டும் வரலாகாது.

அடுத்து குழந்தையின் மனம். ஒருநாள் அந்தப் பையன் எங்களில் ஒருவரிடம் மெதுவாகச் சொன்னான்: "நான் பெரியவனாக மாட்டேன்னு எனக்குத் தெரியுமுங்க அக்கா. அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, அழும்." தாயோ, பிள்ளைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று எங்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்! ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி, இருவரும் தனித்தனியே சுமந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அம்மையார் இரத்தப் புற்றுநோய் வாய்ப்பட்ட குழந்தைகளோடு பழகி, 1978-இல் வெளியிட்ட நூலில் இதையேதான் காட்டினார்: யாரும் சொல்லாமலே குழந்தைகள் அறிந்துகொள்கிறார்கள், பெரியவர்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறார்கள்.

நாங்கள் அவன் நம்பிக்கையைக் குலைக்கவில்லை. "நீயே அம்மாகிட்டச் சொல்லு கண்ணு, நாங்க பக்கத்துல இருக்கறோம்" என்றோம். சில வாரம் சென்று சொன்னான். இருவரும் அழுதார்கள். அதன்பின் அந்த வீட்டில் பேச்சு வந்தது, சிரிப்பும் வந்தது.

நமக்கு வழிகாட்டிகள் நம் அருகிலேயே உண்டு. சேலத்தைச் சேர்ந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவருக்குமே தசைச்சிதைவு நோய். அவர்கள் தம் துன்பத்தோடு நின்றுவிடாமல், ஆதவ் அறக்கட்டளையை ஏற்படுத்தி, அதே நோயுள்ளவர்களுக்காக உழைத்தார்கள். வானவன் மாதேவி 2023-இல் மறைந்தார். எழுந்து நிற்க இயலாதவர்கள் பிறருக்கு ஊன்றுகோலாக நின்றார்கள் என்றால், நடமாடும் நாம் என்ன சாக்குச் சொல்ல முடியும்?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. வாரத்தில் குறித்த நாளில் குறித்த நேரத்துக்குப் போக வேண்டும். வருவதாகச் சொல்லி வராமல் இருப்பது குழந்தைக்குப் பெரிய ஏமாற்றம். நோயில்லாத அண்ணன் தங்கையரிடமும் பேச வேண்டும். அவர்கள் கவனிப்பாரற்று நிற்கிறார்கள். தகப்பனார் ஊரிலிருக்கும் நாளில், ஆண்கள் அவரைத் தேடிச் சென்று பேச வேண்டும். ஆண் பிள்ளை அழக்கூடாது என்று அவரையும் அடக்கி வைத்திருக்கிறோம். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றும்படி பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்க வேண்டும்.

உதவி பெறும் வழிகளையும் சொல்லிக்கொடுப்போம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா ஆகியவற்றையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உடற்பயிற்சி சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் கட்டணமின்றிப் பேசலாம். உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல.

முடிவாக, பங்கு மக்களிடம் ஒரு விண்ணப்பம். ஜூபிலி நினைவாக வளைவு கட்டலாம் என்கிறார்கள், கட்டுங்கள். அதற்கு முன், நம் கோயில் வாசற்படியின் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கட்டித்தாருங்கள். அந்தப் பையன் ஏழு படிக்குக் கீழே நின்றபடியே பூசை காண்கிறான். அடுத்த திருவிழாவில் அவன் நம் நடுவில் இருக்கட்டும்.