சம்மட்டி வீரனின் மெய்யான சரித்திரம்

(தொழிலாளர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)

அமெரிக்கத் தொழிலாளர்களிடையே வழிவழியாகப் பாடப்படும் ஒரு பெயர் ஜான் ஹென்றி. பால் ராப்சன் 1940-ல் நியூயார்க் நாடக மேடையில் இந்த ஜான் ஹென்றியாக நடித்தார்.

கதை இதுதான்: ரயில் பாதைக்காக மலையைக் குடைந்த கறுப்பினத் தொழிலாளி அவன். கம்பெனி நீராவித் துளைப்பு யந்திரத்தைக் கொண்டுவந்தது. அதனோடு பந்தயம் கட்டிச் சம்மட்டி அடித்தான். ஜெயித்தான். பிடித்த சம்மட்டியோடு அங்கேயே விழுந்து செத்தான்.

கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் கேட்கவேண்டியது வேறு. அவனை அந்த மலைக்கு அனுப்பியது யார்? கூலி எவ்வளவு? எதனால் செத்தான்?

மேற்கு வர்ஜீனியாவில் டால்காட் என்ற ஊருக்கருகே 1870 முதல் 1872 வரை குடையப்பட்ட பிக் பெண்ட் சுரங்கப்பாதையில் இது நடந்தது என்பது ஜனங்களின் நம்பிக்கை. 1972-ல் அங்கே அவனுக்குச் சிலையும் வைத்தார்கள். ஸ்காட் நெல்சன் என்ற சரித்திர ஆசிரியரோ, அதே ரயில் பாதையில் வர்ஜீனியாவிலுள்ள லூயிஸ் சுரங்கப்பாதைதான் இடம் என்று 2006-ல் எழுதினார். அலபாமாவில் 1887-ல் நடந்தது என்று வாதிடுவோரும் உண்டு.

நெல்சன் காட்டும் ஆதாரம் ரிச்மண்ட் சிறைச்சாலையின் பதிவேடு. அதில் ஜான் வில்லியம் ஹென்றி என்ற கறுப்பின வாலிபன் இருக்கிறான். வயது 19. உயரம் 5 அடி 1 அங்குலம். கதையில் வரும் ராட்சஸன் அல்ல! கட்டிடம் புகுந்து திருடியதாக 1866-ல் பத்தாண்டு தண்டனை.

1865-ல் அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்று அதிலேயே ஒரு சந்து விட்டார்கள். அந்தச் சந்து வழியாக விடுதலை பெற்ற மனிதன் மறுபடி விலங்குக்குள் இழுக்கப்பட்டான். வர்ஜீனியா சர்க்கார் கைதிகளை ரயில்வே கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 25 சென்ட். அதுவும் கைதிக்கு அல்ல, சர்க்காருக்கு! திருப்பி ஒப்படைக்காத கைதிக்கு 100 டாலர் அபராதம். ஆகவே செத்தவனின் உடலையும் கம்பெனி திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

வேலையைப் பாருங்கள். ஒருவன் உருக்கு உளியைப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் திருப்பிக் கொடுப்பான். மற்றவன் சம்மட்டியால் அடிப்பான். குழி ஆழமானதும் வெடிமருந்து வைத்துத் தகர்ப்பார்கள். காற்றோட்டமில்லாத அந்தக் குகையில் கல்தூசி நுரையீரலில் படியும். மூச்சு கொஞ்சங் கொஞ்சமாக அடைபடும். லூயிஸ் சுரங்கத்தில் யந்திரமும் கைதியும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தனர். யந்திரம் பழுதாகி நிற்கும். கைதி நிற்க முடியாது.

அவனை ரயிலோரத்து வெள்ளைக் கட்டிடத்துக்குக் கொண்டுபோய் மணலில் புதைத்ததாகப் பாட்டின் சில வடிவங்களில் வருகிறது. ரிச்மண்ட் சிறைச்சாலையில் அப்படியொரு வெள்ளைக் கட்டிடம் இருந்தது. 1992-ல் அந்தச் சிறை வளாகத்தில் சுமார் 300 எலும்புக்கூடுகள் அகப்பட்டன. சர்க்கார் மறைத்ததைத் தொழிலாளியின் பாட்டு மறக்கவில்லை என்கிறார் நெல்சன்.

அந்தப் பாட்டைச் சம்மட்டிக்காரர்கள் நிதானமாகத்தான் பாடினார்கள். மேஸ்திரி விரட்டும் வேகத்தில் அடித்தால் ஜான் ஹென்றியின் கதிதான் என்று ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொண்ட எச்சரிக்கை அது.

எச்சரிக்கை முதலாளிகளின் காதில் ஏறவில்லை. அதே மேற்கு வர்ஜீனியாவில் 1930-ல் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்கும். அதைச் செய்யாமல் வறட்டுத் துளைப்பு நடந்தது. நுரையீரலில் கல்தூசி நிறைந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர். 1936-ல் அமெரிக்கக் காங்கிரஸே விசாரணை நடத்த நேர்ந்தது.

தோழர்களே! ஜான் ஹென்றியைக் கொன்றது யந்திரமல்ல. அவன் உயிரை யந்திரத்தைவிட மலிவாக விலைபேசிய ஏற்பாடு. யந்திரம் அவன் கையில் இருந்திருந்தால் அவன் சுமையைக் குறைத்திருக்கும். அவனுடைய வீரத்தைப் பாடுவோம். அவனை 25 சென்ட்டுக்கு விற்றவர்களையும் மறவாமல் பாடுவோம்.