கண்ணீரும் கன அடியும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பட்டிமன்றம் பேச நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே குரலை உயர்த்துவது, எங்கே தழுதழுப்பது என்பதெல்லாம் ஆறாம் வகுப்பிலேயே அத்துபடி. சொன்னது உண்மையா என்று பார்ப்பதற்குள் கைதட்டல் வந்துவிடுகிறது.

காரணம் நிற்க வேண்டிய இடத்தில் உணர்ச்சி வந்து நின்றால் அது தருக்கப் பிழை. இதற்குக் கலைச்சொல் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று மணிமேகலையின் 29ஆம் காதையே வகைப்படுத்துகிறது. உணர்ச்சியைக் காட்டி வாதாடுவது அதில் தனி வகையாக இல்லைதான். இருந்தாலும் 'போலி' என்ற சொல் இதற்கு நன்றாகவே பொருந்தும்.

நம் மாவட்டத்து வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தர 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் தொடக்கத்தில் மனுக்கள் தள்ளுபடியாயின. 2016இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மாநிலமே வறட்சியில் கிடந்தது. மார்ச் 1 முதல் அந்தக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்களும் அறிவித்திருந்தன. டீக்கடை வரை இதே பேச்சு. வகுப்புக்குள் வராமல் இருக்குமா?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்க வாழை கருகிப்போச்சு சார். தாத்தா அழுதாவ. தாமிரபரணித் தாயோட ரத்தத்தைப் பாட்டில்ல அடைச்சு விக்கானுவ. அதுக்குப் பரிஞ்சு பேசுறவன் மனுசனா?" வகுப்பே தட்டியது. பின்வரிசையில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில்தான் வேலை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆலையை மூடுனா எங்க வீட்ல அடுப்பு எரியாது" என்று மட்டும் சொன்னான்.

இரண்டு பேர் சொன்னதையும் கரும்பலகையில் எழுதினேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி: இது உண்மை என்றால், எது நிரூபணமாகிறது?

வாழை கருகியது உண்மை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதை அது காட்டுகிறது. தாத்தாவின் கண்ணீரைப் பிழை என்று ஒதுக்கக் கூடாது. அது ஒரு சாட்சியம். ஆனால் தண்ணீர் ஏன் வரவில்லை என்பதை அது சொல்லாது. மழையா, பாபநாசம் அணையின் இருப்பா, கால்வாய் அடைத்த நாளா, ஆலையா? அதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். அடுப்பு எரியாது என்பதும் அப்படியே. வேலை முக்கியம் என்று அது காட்டும். ஆற்றில் உபரி நீர் இருந்ததா என்பதற்கு அதில் பதில் இல்லை. 'மனுசனா' என்ற கேள்வியோ எதையும் நிரூபிக்கவில்லை. அது செய்தது ஒன்றுதான்: பின்வரிசைப் பையனின் வாயை அடைத்தது. மூன்றிலும் ஆபத்தானது இதுதான் என்பது என் எண்ணம்.

எண்ணுக்கும் அழத் தெரியும், அதையும் கவனியுங்கள். ஆலைக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. பாட்டில் விலையோடு வைத்துப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். விலை நியாயமா என்று கேட்க அந்த எண் உதவும். வாழை ஏன் கருகியது என்ற கேள்விக்கு அது உதவாது.

அதனால் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். வினாடிக்கு ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28.3 லிட்டர். ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 24.5 லட்சம் லிட்டர். செய்திகள் ஆலைக்கு லிட்டரிலும் கால்வாய்க்குக் கன அடியிலும் கணக்குச் சொல்லும். லட்சம் என்றதும் மிரள்வோம், கன அடி என்றால் அசட்டையாக இருப்போம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேச்சே தொடங்கியது. அப்போதும் பின்வரிசைப் பையன் எளிதாக ஜெயிக்கவில்லை. "வெள்ள காலத்துல கொஞ்சம் எடுக்கறதும், ஆறு வத்துன மாசத்துல அதே அளவு எடுக்கறதும் ஒண்ணா?" என்று அவள் மடக்கினாள். அந்தக் கேள்வியில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவன் குனிந்த தலையை நிமிர்த்தி, "எந்த மாசம்னு சொல்லு" என்றான்.

மறுநாள் அவள் தாத்தாவிடம் கேட்டு வந்தாள், கால்வாயில் கடைசியாகத் தண்ணீர் பார்த்தது எந்தத் தேதி என்று.