திரை பேசும், கேட்குமா?

("யோகாசனம் பழக ஏற்றது வீட்டுத் திரையா? ஊர்க் கூடமா?" என்ற பட்டிமன்றத்தில் 'ஊர்க் கூடமே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கணக்குச் சொன்னார். "வீட்டிலே டி.வி.யைப் பார்த்துச் செய்தால் ஃபீஸ் இல்லை, பஸ் செலவு இல்லை, அடுத்தவர் என் தொப்பையைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்" என்றார். அம்மா, கணக்கு சரி. ஆனால், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து நஷ்டப்படப் போனவன் நான்.

ஐம்பத்து நாலு வயசுல எனக்கு யோகா ஆசை வந்தது. காலையில் டி.வி.யைப் போட்டேன். ஓர் இளைஞர் தலைகீழாக நின்றார். இவரால் முடிவது தமிழ்ப் பேராசிரியரால் முடியாதா? சுவரோரம் தலையணை போட்டு நானும் நின்றேன். காபியோடு வந்த என் மனைவி பார்த்தாள். "முப்பது வருஷமா நீங்க சொல்றதுதான் தலைகீழா இருக்கும். இப்ப நீங்களேவா!" என்றாள். (சிரிப்பு)

இருபது நாள் விடாமல் நின்றேன். கழுத்து பிடித்துக்கொண்டது. "பாத்திரக்கடை மாடியிலே சொல்லித் தர்றாங்களாம், அங்கே போங்க" என்று அவளே துரத்திவிட்டாள்.

எங்கள் ஊர் சின்ன ஊர். அந்தக் கூடத்தில் பன்னிரண்டு பாய், நாலு மடக்கு நாற்காலி, ஒரு மின்விசிறி. அவ்வளவுதான். ஆசிரியர் யார் தெரியுமா? எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவந்து, ஓய்வு பெற்றவர். எனக்கு உள்ளுக்குள் ஓர் இளக்காரம். போனவுடன், "எனக்குத் தலைகீழா நிக்கவே வரும்" என்றேன்.

அவர் அசரவில்லை. "சந்தோஷம் ஐயா. பி.பி. இருக்கா? கழுத்தெலும்பு தேய்மானம் உண்டா? கண்ணுல பிரஷர் பார்த்திருக்கீங்களா? குடும்பத்துல யாருக்காவது பார்வை போயிருக்கா?" என்று கேட்டார்.

நடுவர் அவர்களே! அந்தக் கடைசிக் கேள்வியில் நான் நின்றுவிட்டேன். என் அப்பாவுக்குக் கடைசி ஐந்து வருடம் பார்வை கிடையாது. பேப்பரைக் கையில் தடவிப் பார்த்து, "தலைப்பையாவது வாசிடா" என்பார். வயசானால் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

"முதல்ல கண் டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் தலை கீழே போற ஆசனம் எதுவும் வேண்டாம்" என்றார் ஆசிரியர். பார்த்தேன். இரண்டு கண்ணிலும் அழுத்தம். கிளாக்கோமாவின் ஆரம்பம். பெரும்பாலும் வலி இருக்காது, ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும், போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். தலைகீழாக நின்றால் அந்த அழுத்தம் இன்னும் ஏறுமாம். படித்துப் பிழைக்கிறவன் நான். இருபது நாளாக என் கண்ணோடு விளையாடியிருக்கிறேன்!

அந்த இருபது நாளும் டி.வி. என்ன சொன்னது? "மூச்சை இழுங்கள், விடுங்கள்" என்றது. ஒரு நாளாவது "உங்கப்பாவுக்குக் கண் தெரியுமா?" என்று கேட்டதா? டி.வி. பேசும் ஐயா, கேட்காது. காட்டும், பார்க்காது! (கைதட்டல்)

மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்த வள்ளுவர் என்ன சொல்கிறார்? நோயாளியின் அளவைப் பார், நோயின் அளவைப் பார், காலத்தைப் பார், பிறகு செய் என்கிறார். 1888இல் பிறந்து, நூறு வயது வாழ்ந்து, 1989இல் சென்னையில் மறைந்த யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும் ஆளுக்குத் தக்க பயிற்சி என்பதைத்தான் வற்புறுத்தினார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் சிறுவயதில் நோயாளிப் பிள்ளை. பின்னாளில் குனிய முடியாதவர்களுக்காக நாற்காலி, கயிறு, மரக்கட்டை எல்லாவற்றையும் யோகாவுக்குள் கொண்டுவந்தார். எங்கள் கூடத்து நாலு நாற்காலிக்கு இப்போது அர்த்தம் புரிகிறதா? ஒன்றில் முழங்கால் வலிக்கார இட்லிக்கடை அம்மா. இன்னொன்றில் நான்.

"கூடத்திலும் அரைகுறை ஆசிரியர்கள் உண்டே?" என்று எதிரணி கேட்கும். உண்டு. வருகிறவரை ஒரு கேள்வியும் கேட்காமல் வளைக்கிற ஆசிரியரும் ஒரு டி.வி.தான். அவரை அணைத்துவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்!

நிறைவாக ஒன்று. இந்தப் பேச்சும் டி.வி.யில்தான் வரப்போகிறது. வீட்டில் இருந்து பார்க்கிற அண்ணன்மார்களே, அக்காமார்களே! நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் கழுத்தும் கண்ணும் எப்படி இருக்கிறது என்று இங்கிருந்து என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: உங்களைப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் போங்கள். அவர் தபால்காரராக இருந்தாலும் சரி, எனக்கு வந்த கடிதங்களிலேயே முக்கியமானதை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகவே, ஏற்றது ஊர்க் கூடமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.