ஏரிக்கரைப் பள்ளியும் வெளியூர் ஆசிரியரும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2023-ஆம் ஆண்டு ஆனித் திங்கள் தொடங்கி 2024-ஆம் ஆண்டு பங்குனி முடிய, யாம் ஊதியமில்லா விடுப்புப் பெற்று, பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த மீனவர் சிற்றூர் ஒன்றில் தங்கி, அவ்வூர்ப் பிள்ளைகட்குத் தமிழும் கணக்கும் கற்பித்து வந்தேம். அவ்வாழ்க்கை எத்தன்மைத்து என்பதை இவ்வவையில் எடுத்துரைக்குமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். ஊரின் பெயரைக் கூறாது விடுமாறு ஊரார் கேட்டுக்கொண்டமையின் அதனைக் குறியேம். இன்று மாலை, சங்கம் திரட்டியுள்ள கல்வி நிதியை எவ்வாறு செலவிடுவது என்னும் ஆராய்ச்சியும் நிகழவிருக்கின்றது. மண்டபத்திற்கு மேல்மாடி எழுப்புக என்பாரும் பரிசளிப்பு விழா நடத்துக என்பாரும் நம்முள் உளர். எமக்கும் ஒரு கருத்துண்டு. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

எம் பாட்டனார் வலை வீசியவர். யாமோ இராயபுரத்துத் தெருவிற் பிறந்து வளர்ந்து, சுண்ணக்கட்டியன்றி வேறு கருவி பிடித்தறியோம். குலம் ஒன்றே எனினும் ஏரிக்கரையார்க்கு யாம் அயலாரே. முதல் வாரத்தில் ஒரு மூதாட்டியார் எம் காலணியையும் குடையையும் மாறி மாறி நோக்கி, “எந்தச் சீமையிலேருந்து வர்றீங்க வாத்தியாரே?” என்று வினவினார். கடல் கடந்து அயல்நாட்டுப் பள்ளிகளிற் சென்று தொண்டு புரியும் ஆசிரியர் பலர் உலகில் உளர். எமக்குச் சென்னையினின்று அறுபது கிலோமீட்டர் தொலைவே சீமையாயிற்று. எம் அகவை நாற்பத்தாறு. அவ்வூருக்கு விடுமுறைதோறும் வந்துபோகும் கல்லூரி இளைஞரை நோக்க யாம் முதியேமே. பிள்ளைகள் எம்மைத் ‘தாத்தா சார்’ என்றழைத்தனர். தலைமயிர் நரையாமுன் அப்பட்டம் கிடைத்தது சிறிது விரைவெனினும் யாம் மறுக்கவில்லை.

ஏரியின் இயல்பைச் சிறிது கூறினாலன்றி அங்குள்ள பள்ளியின் இயல்பு விளங்காது. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்த பெருமையுடையது இது. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டின்பாற்பட்டது; தென்பகுதியே தமிழ்நாட்டினது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணரும். முகத்துவாரத்தின் வழியே கடல் உட்புகும். கோடையில் ஆறுகள் வற்ற, முகத்துவாரத்தில் மணல் மேடிட, எஞ்சிய நீர் கடலினும் மிக்க உவர்ப்பேறும். இறாலும் மடவையும் நண்டும் இவ்வேற்றத் தாழ்விற்கேற்ப வருவன, போவன. ஏரியின் நாட்குறிப்பே ஊரின் நாட்குறிப்பு. கல்வித் துறையாரின் நாட்குறிப்போ வேறு.

இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது ‘பாடு’ என்னும் முறை. எவரும் எவ்விடத்தும் வலை கட்டலாகாது. நீரோட்டமுள்ள துறைகளிற் சுத்துவலை கட்டுதற்கு இன்ன ஊர்க்கு இன்ன நாள் என முறையுண்டு; ஊருக்குள்ளும் இன்னார்க்கு இன்ன இடம் என வகுத்துக்கொள்வர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பாட்டுரிமை பழமையானது. ‘படு’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல் இது. மீன் படுமிடமும் பாடு; அதற்குரிய முறையும் பாடு; மாந்தர் படும் உழைப்பும் பாடே. வலியார் வளமான துறையைத் தமக்கே ஆக்கிக்கொள்ளாவண்ணம் முன்னோர் கண்ட இவ்வொழுங்கை யாம் பெரிதும் மதிக்கின்றேம். ஆயினும் இதற்குப் புறத்தே நிற்பாரும் ஏரிக்கரையில் உளர். ஆழமில்லா நீரில் கையாலே தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் பிள்ளைகள், நம் பிள்ளைகளினும் பள்ளிக்கு அரியராய் உள்ளனர். சங்கத்தின் நிதியில் அவர்க்கும் பங்கு வேண்டுமென்பது எம் துணிவு. மாறுபட்ட கருத்துடையோர் மாலையில் எம்மோடு வாதிடலாம்.

இனி அன்றாட வாழ்வைக் கூறுவாம். எம் உறையுள் வலை பின்னும் கூடத்தின் ஒரு மூலை. விடியற்காலை நான்கு மணிக்கு ஊர் விழித்துவிடும். உறங்கியிருந்தாலன்றோ விழிப்பதற்கு என்று கூறினும் பொருந்தும். இறால் பெரும்பாலும் இரவிற் படுவது. ஆடவர் கரையேறும்பொழுது பெண்டிர் கூடையோடு ஏலத்துறையிற் காத்து நிற்பர். அந்நேரத்தில் வீட்டில் அடுப்பெரியாது. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருதலோ வாராதொழிதலோ முன்பு வழக்கமாம். 2023 ஆகத்து 25-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் காலையுணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. அதன்பின் சிறுவர் முகம் மாறியதை யாம் கண்கூடாகக் கண்டேம். எட்டரை மணிக்கே உப்புமா மணத்தோடு வகுப்பு நிரம்பிற்று.

எமக்கு உணவு முறைச்சோறு. பழந்திண்ணைப் பள்ளி ஆசிரியர்க்குப் போல நாளொரு வீடு. மடவை மீன் குழம்பைப் பற்றித் தனியே ஒரு சொற்பொழிவு ஆற்ற எம்மால் இயலும். அவைத் தலைவர் மணியைப் பார்க்கின்றாராதலின் விடுகின்றேம். பகலில் தலைமையாசிரியர் இசைவோடு, பின்தங்கிய பிள்ளைகட்கு எழுத்தறிவித்தேம். மாலை ஐந்தரை மணிக்குமேல், உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று மீளும் மாணவர் கூடத்தில் கூடுவர். பெண்பிள்ளைகளே தவறாது வருவர். ஆண்பிள்ளைகளின் வருகையை அறிய யாம் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதை விடுத்துப் பாட்டு நாள் எதுவென்றே கேட்கத் தொடங்கினேம்.

ஒரு நாள் மட்டும் அனைவரும் வருவர்: ஸ்ரீஹரிக்கோட்டையில் ஏவுகலம் செலுத்தும் நாள். அன்று மீன்பிடிக்கச் செல்லற்க என்று அறிவிப்பு வந்துவிடும். 2023 சூலை 14-ஆம் நாள் பிற்பகல் 2.35 மணிக்குச் சந்திரயான்-3 விண்ணேறிய பொழுது, வகுப்பு முழுவதும் கரைக்கு ஓடிற்று, யாமும் ஓடினேம். புகைத்தடம் கலையுமுன் ஒருவன், “இன்னைக்கு எங்கப்பாவுக்கு வேலை இல்ல சார்” என்றான். அறிவியற் பாடத்தில் இல்லாத செய்தி அது.

கணக்குப் பாடத்தில் எமக்கு ஒரு வியப்பு. பின்னம் என்றால் அஞ்சி ஒடுங்கும் மாணவன், ‘ஏலத்தில் 4,350 ரூபாய், ஆள் ஐவர், வலைக்கும் படகுக்கும் ஒரு பங்கு, ஆளுக்கு எவ்வளவு?’ எனின், எழுதாமலே 725 என்பான். அவன் அறிவு பாடநூலின் சொல்லை அறியாதிருந்தது, அவ்வளவே. தமிழிலும் அங்ஙனமே. அவர்கள் ‘எறா’ என்பது கொச்சை என்று திருத்தப்பட்டே வந்தனர். சங்க நூல்களில் இறா, இறவு என வழங்குவது அதுவே என்றும், அவர் தந்தையர் நாவிலுள்ள வாடை, கோடை என்னும் காற்றுப் பெயர்கள் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையன என்றும் யாம் கூறிய நாளன்று, கடைசி வரிசையில் எப்போதும் உறங்குபவன் எழுந்து, தன் பாட்டனார் கூறும் மீன் பெயர்கள் இருபதை வரிசையாக ஒப்பித்தான். அவற்றுள் சிலவற்றை அகராதியில் தேடியும் யாம் கண்டிலேம். அன்று முதல் அச்சொற்களைத் தொகுக்க ஒரு குறிப்பேடு வைத்தேம்.

கற்பிக்கச் சென்றோன் கற்றுக்கொண்டு மீள்வது பழவேற்காட்டிற்குப் புதிதன்று. ஒல்லாந்தர் 1613-இல் அங்குக் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1632 முதல் 1642 வரை அவர்தம் சமய போதகராய் அங்கிருந்தவர் ஆபிரகாம் ரோகேரியஸ். அவர், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் போர்த்துக்கீசிய மொழியில் உரையாடி, நம் நாட்டார் வழக்க ஒழுக்கங்களைக் கேட்டு எழுதினார். அந்நூல் அவர் இறந்தபின் 1651-இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுட்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதல் புகுந்தது அதன் வழியே. அவர் பழவேற்காட்டிற் செய்த போதனையை இன்று நினைப்பார் இலர். கேட்டு எழுதியதே நின்றது.

நெடிது தங்கியோரின் பயனுக்கு யாழ்ப்பாணம் சான்று. அமெரிக்காவினின்று 1840-இல் அங்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார், உடுவில் பெண்கள் பள்ளியில் 1879 வரை கற்பித்தார். தாயகம் மீளாது 1883-இல் அங்கேயே மறைந்தார். தாயும் மகளும் பேத்தியும் அவரிடம் பயின்ற குடும்பங்கள் உண்டு. ஆயிரம் மகளிரின் தாய் என்று அவரை வழங்குவர். அகவை தடையென்பார்க்கு வேறொருவரைக் காட்டுவாம். பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் அம்மையார், 1966-இல், தம் 68-ஆம் அகவையில், அமைதிப்படைத் தொண்டராய் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து செவிலியராய்ப் பணிபுரிந்தார். ஓய்வு பெற்ற நம் ஆசிரியர்க்குப் பழவேற்காடு அத்துணைத் தொலைவன்று.

‘அவ்வூரிலேயே படித்த பெண்கள் இருக்க, வெளியூர்க் கிழவர் எதற்கு?’ என்று கேட்கலாம். நேரிய கேள்வி. 2021 அக்டோபர் 27-ஆம் நாள் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில், அதுவும் நம் கடற்கரையிலேயே, இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. அந்தந்த ஊர் மகளிரே மாலையில் சிறுவர்க்குக் கற்பித்தனர். எம் அனுபவத்தில் சிறு வகுப்புகட்கு அவரினும் மேலான ஆசிரியர் இலர். ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பாடங்களிலும், ஊர்ப் பெரியோர் முன் சென்று பேசுவதிலும்தான் நரைத்த தலைக்கு வேலையுண்டு. அதற்கு நிகழ்ந்ததொன்றைக் கூறுவாம்.

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், கணக்கில் வல்லவன். அவன் தந்தையார் காற்புண்ணால் படுத்திருந்தமையின் வீட்டிற்காக வலைக்குச் செல்பவன் அவனே. 2023 திசம்பர் முதல் வாரத்தில் மிக்சாம் புயல் வந்தது. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போயிற்று. தள்ளிப்போன கணக்குத் தேர்வு, அவன் வீட்டுப் பாட்டு நாளின் மறு காலையில் வந்து விழுந்தது. வெள்ளத்தால் முகத்துவாரம் அகன்று மீன்பாடு மிகுந்திருந்த காலம் அது. அந்நாளை இழப்பின் வீட்டில் இருக்கும் கடனுக்கு வட்டியும் கட்ட இயலாது.

யாம் ஊர்ப் பெரியோரிடம் சென்றேம். அவருள் மூத்தவர் வலையினின்று கண்ணெடாமலே, “பரீட்சை வருஷத்துக்கு மூணு தடவ வரும் வாத்தியாரே. எறா அப்படி வருமா?” என்றார். “வராதுங்க பெரியவரே. ஆனா மார்ச்சு மாசப் பரீட்சையும் இதே மாதிரி பாட்டு நாள்ல வந்தா என்ன செய்யறது? அதுக்கு இப்பவே ஒரு வழி சொல்லுங்க” என்றேம். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு, உறவுமல்லாத ஒருவர், “என் நாள அவன் எடுத்துக்கட்டும், அவன் நாளுக்கு நான் போறேன்” என்றார். பெரியவர் தலையசைத்தார். மாணவன் தேர்வெழுதினான்.

ஆயின் அஃது ஒருவரின் நல்லெண்ணமேயன்றி ஊரின் விதியாகவில்லை. 2024-இல் பொதுத் தேர்வு வந்தபொழுது மற்றொரு மாணவனுக்கு நாள் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. ஒரு பாடத்தை எழுதாது விட்டான், அவ்வொன்றினால் தேறாதொழிந்தான். துணைத் தேர்வு எழுதலாமென்று யாம் பலகாற் கூறியும், இப்பொழுது அவன் முழுநேரமும் ஏரியிலேயே இருக்கின்றான். நல்ல உழைப்பாளி என்று ஊரார் புகழ்கின்றனர். அப்புகழ்ச்சி எமக்கு இனிக்கவில்லை. ஏரியில் மீன்பாடு குன்றி வருகின்றதென்று அதே ஊரார்தாம் எம்மிடம் நாள்தோறும் கூறினர்.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. பொதுத் தேர்வு நாட்களில், தேர்வெழுதும் பிள்ளையின் வீட்டுப் பாட்டு முறையை இழப்பின்றி மாற்றித் தருவதென ஊர்கள் விதி செய்யுமாறு, இச்சங்கம் பெரியோரை அனுப்பிக் கேட்க வேண்டும். மடல் எழுதினாற் போதாது. இராயபுரத்து மடலுக்கு அங்கு மதிப்பில்லை. மேல்மாடி சிறிது காத்திருக்கட்டும். அந்நிதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரை, திருவிழாவிற்கு வந்துபோவதுபோலன்றி, ஆனி முதல் பங்குனி வரை முழுக் கல்வியாண்டு அங்கு இருத்துக. ஊதியம் அவர் கேளார். அரிசி, மருந்து, படகுக் கூலி, விளக்கு ஆகியவற்றிற்குச் சங்கம் பொறுப்பேற்பின் போதும். ஒரு பருவம் மட்டும் இருப்பவர் மழைக்கால ஏரியையோ கோடைக்கால ஏரியையோ தான் காண்பர். இரண்டையும் கண்டவர்க்கே எந்தப் பிள்ளை எப்பொழுது வாரான் என்பது விளங்கும்.

செல்ல விரும்புவோர் தைத் திங்கள் முடியுமுன் செயலாளரிடம் பெயர் கொடுக்க. கணக்கோ அறிவியலோ கற்பிப்போராயின் நன்று. தமிழுக்கு யாம் சனிக்கிழமைதோறும் செல்கின்றேம். குடையும் காலணியும் அங்குப் பெரிதும் பயன்படா. நல்ல கொசுவலை ஒன்று கையோடு கொண்டு செல்க. அவ்வூரில் மீன்வலை எத்தனையும் கிடைக்கும், கொசுவலை மட்டும் கிடையாது.